தேங்காய்த் தண்ணீர் ஆடையும் கொலாஜன் கயிறும்: திசுச் சாரக் கலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பள்ளி ஓவிய ஆசிரியர்கள், நுண்கலை மாணவர்கள், கைவினை செய்பவர்கள் கேட்கும் கேள்விகளே பெரும்பாலும். மருத்துவ ஆய்வுக்கூடங்களில் புதுத் திசு வளர்க்கப் பயன்படும் பொருட்களை வைத்து வீட்டிலோ வகுப்பறையிலோ என்ன கலை செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்பதுதான் விஷயம்.

திசுச் சாரம் என்றால் என்ன?

கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது எல்லோருக்கும் தெரியும். மூங்கிலைக் கட்டி, அதில் ஏறி நின்று கொத்தனார் சுவர் எழுப்புவார். உடலில் செல்களும் அப்படித்தான், வெறும் வெளியில் நிற்காது. கொலாஜன் முதலிய நார்கள் பின்னிய ஒரு வலைமேல் ஒட்டிக்கொண்டுதான் பெருகும். திசு சிதைந்த இடத்தில் அந்த வலையைச் செயற்கையாக வைத்துக் கொடுத்தால் செல்கள் அதன்மேல் வளர்ந்து இடத்தை நிரப்பும் என்பதே திசுப் பொறியியலின் அடிப்படை. சில சாரங்கள் வேலை முடிந்ததும் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். செல்லுலோஸ் கரையாது, ஏனென்றால் அதை உடைக்கும் நொதி மனித உடலில் இல்லை.

தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ அறிவியல் நிலையம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி எடுத்த சாரத்தைக் காயம் ஆற்றும் தகடாக உருவாக்கியது. கோலிடெர்ம் என்ற அந்தப் பொருளுக்கு 2023-ல் ஒப்புதல் கிடைத்தது.

செல் இல்லாமல் வெறும் சாரத்தை வைத்துச் செய்தால் அது கலையா, பொம்மையா?

செல்லோடு செய்தவர்கள் இருக்கிறார்கள். ஓரன் கட்ஸ், அயோனாட் சுர் இருவரும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் சிம்பயாட்டிக்கா என்ற கலை ஆய்வுக்கூடத்தை மையமாக வைத்து வேலை செய்தவர்கள். கரையும் பாலிமர் சாரத்தில் எலி செல்களை வளர்த்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டித் தோல் சட்டையை உருவாக்கினார்கள். 2008-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது காட்சியில் இருந்தபோது செல்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகி, ஊட்டம் போகும் குழாயை அடைக்கும் நிலை வந்தது. ஊட்டத்தை நிறுத்தி அதைச் சாகவிட வேண்டியதாயிற்று.

அதற்கு இன்குபேட்டர், கிருமி நீக்கிய காற்றோட்ட மேசை, தினமும் மாற்ற ஊட்டத் திரவம், உயிரிப் பாதுகாப்பு அனுமதி எல்லாம் வேண்டும். இவை இல்லாத இடத்தில் செல்லை வைத்து விளையாடுவது கலையும் ஆகாது, அறிவியலும் ஆகாது. கெட்டுப்போன ஒரு கிண்ணம் மட்டுமே மிஞ்சும். சாரம் அப்படியில்லை. எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீரை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது, காய்ந்தால் காகிதமாவது, ஒரு உப்பில் இறுகி இன்னொரு உப்பில் கரைவது என்று அதற்கே தனிக் குணம் உண்டு. காது மாதிரி, இதயம் மாதிரி உருவம் செய்வதைவிட அந்தக் குணத்தைக் காட்டும் வேலைதான் பார்ப்பவரை நிறுத்துகிறது.

எதிலிருந்து தொடங்குவது நல்லது?

பள்ளி மாணவர்களென்றால் ஆல்ஜினேட். ஒரு மணி நேரத்தில் பலன் தெரியும். பொறுமை உள்ளவர்களுக்குப் பாக்டீரியா செல்லுலோஸ். ரசாயனமே வேண்டாம் என்பவர்களுக்குக் கயிறு. மூன்றும் கீழே வருகிறது.

தேங்காய்த் தண்ணீரில் செல்லுலோஸ் ஆடை வளர்ப்பது எப்படி?

பாலைக் காய்ச்சி வைத்தால் மேலே ஆடை கட்டுமே, அதுபோல இங்கே ஒரு பாக்டீரியா ஆடை கட்டும். கொமகடேய்பாக்டர் என்பது அதன் பேரினம். சர்க்கரையைத் தின்று செல்லுலோஸ் இழை நூற்கும். காற்று வேண்டும் என்பதால் திரவத்தின் மேல்மட்டத்தில் மட்டுமே நூற்கும். பிலிப்பைன்ஸில் நாடா டி கோகோ என்று தின்பண்டமாகச் செய்வதும் இதுவே.

30 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் ட்ரே ஒன்றுக்கு:

முற்றிய தேங்காய்த் தண்ணீர் 5 லிட்டர். இளநீர் வேண்டாம், வீண் செலவு. தேங்காய் உடைக்கும் களத்தில் கொட்டிவிடுகிற தண்ணீரே போதும். உடைத்த சில மணி நேரத்துக்குள் வாங்கிவிடுங்கள், தாமதித்தால் வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும். வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

சர்க்கரை 400 கிராம். அம்மோனியம் சல்ஃபேட் 25 கிராம், உரக்கடையில் கிடைப்பதே போதும், ஆனால் அதில் வளர்த்த ஆடையைத் தின்னக் கூடாது. அடர் அசிட்டிக் அமிலம் 50 மில்லி. கையில் பட்டால் கொப்புளம் போடும், கையுறை போடாமல் தொடாதீர்கள். அது கிடைக்காவிட்டால் தேங்காய்த் தண்ணீரில் ஒன்றேகால் லிட்டரைக் குறைத்து, அந்த அளவுக்குக் கடையில் விற்கும் 4 சதவீத வெள்ளை வினிகரைச் சேர்க்கலாம். கடைசியாக உறைத் திரவம், அதாவது தயிருக்கு உறை போல இந்தப் பாக்டீரியா உள்ள திரவம், அரை லிட்டர்.

தேங்காய்த் தண்ணீரையும் சர்க்கரையையும் எவர்சில்வர் பாத்திரத்தில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கி, அம்மோனியம் சல்ஃபேட்டைக் கரையுங்கள். பாத்திரத்தின் அடி கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்வரை ஆறட்டும். பிறகு அமிலமும் உறையும். பி.ஹெச். தாள் 4-க்கு அருகில் காட்ட வேண்டும். ட்ரேயில் ஊற்றினால் ஏறக்குறைய 4 செ.மீ. உயரம் நிற்கும். மேலே நெருக்கமாக நெய்த துணி போட்டு ரப்பர் பேண்டோ கயிறோ கட்டுங்கள். மூடி போடக் கூடாது, காற்று வேண்டும். வலைத்துணியும் கூடாது, பழ ஈ நுழைந்து முட்டையிடும்.

மூன்றாம் நான்காம் நாளில் சாய்வாகப் பார்த்தால் தண்ணீர்மேல் ஒரு மங்கல் தெரியும். பன்னிரண்டு முதல் பதினைந்து நாளில் ஒரு செ.மீ. தடிமன் வரும்.

உறைத் திரவத்துக்கு எங்கே போவது?

சித்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய கவலையில்லை. தென்னங்கள்ளை அப்படியே புளிக்கவிட்டு எடுத்த, காய்ச்சாத கள் வினிகரில் இந்தப் பாக்டீரியா இருக்க வாய்ப்பு அதிகம். கேரளக் கடையில் சொறுக்கா என்று கேட்டாலும் தருவார்கள். பாட்டிலின் அடியிலோ மேலேயோ வழவழவென்று ஒரு சவ்வு மிதந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. அந்தச் சவ்வோடு 100 மில்லியை மேலே சொன்ன கலவையில் அரை லிட்டரில் விட்டு ஒரு வாரம் வைத்தால் உறை தயார். செயற்கை வினிகர் என்று லேபிள் இருந்தால் அது வெறும் அமிலமும் தண்ணீரும்தான், உயிர் எதுவும் இருக்காது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

கள்ளையே எடுத்துப்போய்ப் பொள்ளாச்சியில் புளிக்கவைக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. கோபாலபுரம் செக்போஸ்ட்டில் கலை விளக்கம் எடுபடாது. கொம்புச்சா தேநீர்ச் சவ்வு கிடைத்தாலும் போதும், ஆனால் அதில் ஈஸ்ட் கலந்திருப்பதால் ஆடை பழுப்பாக வரும்.

ஆடை கட்டவே இல்லை, அல்லது துண்டு துண்டாகக் கட்டுகிறது. ஏன்?

ட்ரேயை நகர்த்தியிருப்பீர்கள். ஆட்டம் கண்டால் பாதி வளர்ந்த ஆடை முங்கிவிடும், அதற்கு மேலே புதிதாக இன்னொன்று தொடங்கும், இரண்டும் ஒட்டாது. பிறகு காயவைக்கும்போது ஏடு ஏடாகப் பிரியும். "எப்படி வளர்ந்திருக்கிறது பார்ப்போம்" என்று தினமும் துணியைத் தூக்கி ட்ரேயைச் சாய்க்கும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை போகும்.

பச்சை, கறுப்பு, பஞ்சு போன்ற வெள்ளை என்று எந்தப் பூஞ்சைப் புள்ளி வந்தாலும் முழு ட்ரேயையும் கொட்டிவிடுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுப்பது வேலைக்காகாது. பூஞ்சை வந்தால் அமிலம் போதவில்லை என்று பொருள். வழவழப்பான வெள்ளைத் திட்டுக்கும் பஞ்சுப் பூஞ்சைக்கும் குழப்பம் வரும். ஆடை ஈரமாக மினுங்கும். பூஞ்சை காய்ந்து மயிர் மயிராகத் தெரியும்.

பாலக்காட்டு வெயிலில் இது தாங்குமா?

28 முதல் 30 டிகிரி வரை இதற்குப் பிடித்த வெப்பம். மார்ச், ஏப்ரலில் அறைக்குள்ளேயே 35 தாண்டினால் ஆடை மெலிந்து போகும். தரைமட்டத்தில், ஓட்டு வீட்டின் உள்ளறையில், ட்ரேயைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டு வைத்தால் சில டிகிரி குறையும். மார்கழி, தையில் வேறு தொல்லை. கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று துணி வழியே புகுந்து ஆடையின் ஓரத்தைக் காயவைத்து ட்ரேயோடு ஒட்டவைத்துவிடும். ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். நல்ல காலம் என்று கேட்டால் ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வளர்ப்பதற்கு, டிசம்பர் ஜனவரி காயவைப்பதற்கு.

தட்டையாக மட்டும்தான் வருமா? குழாயாக வளர்க்க முடியாதா?

முடியும், இதில்தான் மருத்துவமும் கலையும் மிக நெருங்கி வருகின்றன. ஜெர்மனியின் யேனா நகரில் டீட்டர் க்ளெம் குழுவினர் இந்தச் செல்லுலோஸைக் குழாயாக வளர்த்து ரத்த நாளமாகச் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். சூத்திரம் எளியது: காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே ஆடை கட்டும். சிலிக்கோன் ரப்பர் வழியாக ஆக்சிஜன் கசியும். எனவே விரல் தடிமனில் ஒரு சிலிக்கோன் குழாயை வளைத்து, இரண்டு முனைகளும் வெளியே காற்றில் திறந்திருக்க, நடுப்பகுதியைத் திரவத்துக்குள் முக்கி வைத்தால் குழாயைச் சுற்றி ஆடை கட்டும். மூன்று வாரம் கழித்துச் சிலிக்கோனை உருவியெடுத்தால் கண்ணாடி போன்ற ஒரு நாளம் கையில் நிற்கும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒளிபுகும் குழாய் பெரும்பாலும் பி.வி.சி., அதில் காற்று கசியாது, ஒன்றும் வளராது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

வளர்ந்த ஆடையை எப்படிச் சுத்தம் செய்து காயவைப்பது?

பாக்டீரியா உள்ளேயே இருக்கிறது, எடுக்காவிட்டால் பழுப்பேறி நாறும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் சீறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அரித்து ஹைட்ரஜன் கிளப்பும், எவர்சில்வர் மட்டுமே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கொதிக்கவிடாமல் 80 டிகிரி பக்கத்தில் ஒரு மணி நேரம். ஆடை வெளுத்து ஒளிபுகும். பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி இரண்டு நாள் அலசுங்கள்.

சோடா போய்விட்டதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும் அல்லவா? வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவைத்து, அலசிய தண்ணீரில் ஒரு சொட்டை அந்தத் தாள்மேல் விடுங்கள். சிவந்தால் இன்னும் அலச வேண்டும். மஞ்சளாகவே நின்றால் சரி.

காயவைக்க மழமழப்பான மரப்பலகையில் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழைத் தள்ளுங்கள். நிழலில்தான் காய வேண்டும். ஒரு செ.மீ. தடிமன் இருந்தது காய்ந்ததும் காகிதத் தடிமனுக்கு வந்துவிடும், ஏனென்றால் அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நீள அகலம் அவ்வளவு குறையாது, பலகை பிடித்துக்கொள்ளும். கொடியில் தொங்கவிட்டால் சுருங்கிச் சுருண்டு வற்றல் மாதிரி ஆகிவிடும். அந்தச் சுருக்கமே வேண்டும் என்றால் அது வேறு விஷயம். மெதுத்தன்மை வேண்டுமென்றால் காயவைக்கும் முன் 5 சதவீத கிளிசரின் தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். அதற்கு மேல் போனால் ஆடி மழையில் பிசுபிசுக்கும்.

சாயம் பிடிக்குமா?

நன்றாகப் பிடிக்கும், வெறும் செல்லுலோஸ் என்பதால் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் போதும். மஞ்சள் ஒரு மாத வெயிலில் வெளுத்துவிடும். செம்பருத்திச் சாறு அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. அலசுவது குறைந்த இடம் பச்சையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆல்ஜினேட் என்பது என்ன, எங்கே வாங்குவது?

பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம் கரையோரம் அள்ளும் சார்காஸம் பாசி இதற்கே போகிறது. மருத்துவத்தில் காயக்கட்டாகவும், செல்களை உருண்டைக்குள் அடைத்து வைக்கவும் பயன்படுகிறது. துணியில் ரியாக்டிவ் அச்சடிக்கும்போது சாயத்தைக் கெட்டியாக்கவும் சோடியம் ஆல்ஜினேட்தான் போடுவார்கள், அதனால் ஈரோடு, திருப்பூர் சாயப்பொருள் கடைகளில் கிடைக்கும். கொஞ்சம் மஞ்சளடித்திருக்கும், பரவாயில்லை.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம். இன்னொரு பாத்திரத்தில் ஒரு லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் குளோரைடு. முதல் கரைசலை ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் இழுத்து இரண்டாவதுக்குள் மெல்ல அழுத்துங்கள். பட்ட கணமே நூலாக நிற்கும். ஆல்ஜினேட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவில் கால்சியம் உட்கார்ந்து அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதே காரணம். சன்ன நூலுக்கு 10 நிமிடம் போதும்.

காது, விரல் போன்ற அச்சு எடுக்க சிலிக்கோன் அச்சு உதவாது, கால்சியம் உள்ளே போக வழியில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்து, கால்சியம் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஆல்ஜினேட்டை ஊற்றுங்கள். சுவரிலிருந்து உள்நோக்கி இறுகிக்கொண்டு வரும். கட்டை விரலைவிடத் தடிமனான எதையும் ஒரே மூச்சில் செய்ய முயலாதீர்கள். வெளித்தோல் இறுகி, உள்ளே கூழ் அப்படியே நிற்கும், வெட்டினால் வழியும்.

என் கரைசல் கட்டி கட்டியாகவே இருக்கிறது.

இரண்டு காரணம். பொடியை மொத்தமாகத் தண்ணீரில் கொட்டினால் ரவை உப்புமா கட்டி விழுவது போல வெளியே நனைந்து உள்ளே காய்ந்தபடி நிற்கும். பொடியைக் கொஞ்சம் கிளிசரினில் குழைத்துக்கொண்டு, மிக்ஸி ஓடும்போதே சிறிது சிறிதாகச் சேர்த்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். குமிழ்களும் மேலேறிப் போய்விடும்.

மற்றது தண்ணீர். உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் தண்ணீரிலேயே கால்சியம் இருக்கும். துணி துவைத்தால் நுரை வராத தண்ணீர் என்றால் இதற்கும் ஆகாது. மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள்.

பார்வையாளர் கண்முன்னே சாரம் கரைந்து போவது போல் காட்ட முடியுமா?

முடியும். சிட்ரேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், நூல் கரையும். ஆனால் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் கரையாது, அமிலத்தில் ஆல்ஜினேட் இன்னும் இறுகவே செய்யும். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து, சமையல் சோடாவைப் பொங்கல் அடங்கும்வரை சேர்த்தால் சோடியம் சிட்ரேட் கரைசல் ஆகும். அதில் மட்டுமே கரையும். வண்ணம் சேர்த்த ஆல்ஜினேட் வலைக்குள் செல்லுலோஸ் குழாயைப் பொதிந்து வைத்து, வலையை மட்டும் கரைத்தால், சாரம் போய் நாளம் நிற்பதைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காட்டலாம். நல்ல வேலை அது.

ஜெலட்டினில் செய்த உருவம் மதியத்துக்குள் உருகிவிட்டது.

உருகத்தான் செய்யும். ஜெலட்டின் என்பது முறுக்கு அவிழ்ந்த கொலாஜன். 30 டிகிரி தாண்டினால் இளகும். இந்த ஊரில் ஏசி இல்லாமல் அதை நிறுத்த வேண்டுமென்றால் தோல் பதனிடுபவர்கள் செய்வதைச் செய்ய வேண்டும், அதாவது கடுக்காய். 100 கிராம் கடுக்காய்ப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் காய்ச்சி வடித்து, நன்றாகக் குளிரவைத்து, இறுகிய ஜெலட்டினை ஒரு நாள் ஃபிரிட்ஜுக்குள் அதில் முக்கி வையுங்கள். வெளியே உருகாத பழுப்புத் தோல் கட்டும். காய்ச்சிய சாற்றை ஜெலட்டின் கரைசலோடு நேரடியாகக் கலக்காதீர்கள், திரிந்த பால் போலத் திரண்டுவிடும். இரும்புச் சட்டியும் வேண்டாம், எல்லாம் மை மாதிரி கறுத்துப்போகும்.

ஆய்வுக்கூடங்களில் ஜெலட்டினைப் பிணைக்கக் குளுட்டரால்டிஹைடு போடுவது உண்டு. நச்சு. வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கீரை இலையை இதயத் திசுவாக்கினார்கள் என்று படித்தோம். நாமும் செய்யலாமா?

அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் 2017-ல் செய்தது. கீரை இலையிலிருந்து தாவரச் செல்களின் உட்பொருளைக் கழுவி நீக்கி, மிஞ்சிய செல்லுலோஸ் சாரத்தில் மனித இதயத் தசைச் செல்களை வளர்த்தார்கள். செல்கள் துடித்தன, இலை நரம்பு வழியே திரவம் ஓடியது. முழு இதயம் எதுவும் செய்யவில்லை. தமிழ்ச் செய்திகள் அதைப் பசலைக்கீரை என்று எழுதின. பசலை வேறு கொடி, அவர்கள் எடுத்தது ஸ்பினாச்.

செல் நீக்குவது வரை நாமும் செய்யலாம். சோப்பு செய்யும் பொருள் விற்கும் கடையில் சோடியம் லாரில் சல்ஃபேட் தூள் கிடைக்கும், லிட்டருக்கு 10 கிராம். காம்பு முறியாத பாலக் இலை. இலைமேல் மெழுகு இருந்தால் திரவம் ஏறாது, அதனால் இளசாகப் பார்த்து எடுங்கள். அகலத் தட்டில் முக்கி, தினமும் திரவம் மாற்றி ஐந்து முதல் ஏழு நாள். பச்சை வெளிறி, ஊறவைத்த ஜவ்வரிசி போலக் கண்ணாடித்தன்மை வரும். மிச்சப் பச்சைக்கு லிட்டருக்கு 50 மில்லி வீட்டு பிளீச், ஒரு நாள், திறந்த வராந்தாவில். பிளீச்சோடு வினிகரோ எந்த அமிலமோ சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். பிறகு நிறைய அலசல்.

இன்சுலின் சிரிஞ்சைக் காம்புக்குள் செலுத்தி, பீட்ரூட் சாற்றை மிக மெல்ல அழுத்துங்கள். நடு நரம்பில் ஒரு சிவப்புக் கோடு ஏறும், பக்க நரம்புகளுக்குப் பிரியும், பிறகு கண்ணுக்கே எட்டாத சன்ன வலைக்குள் பரவி இலை முழுவதும் லேசாகச் சிவக்கும். கையை அழுத்தினால் காம்பருகில் வெடித்துக் கறை படரும், அந்த இலை போயிற்று. பத்து இலை தயார் செய்தால் இரண்டு மூன்று நன்றாக வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் அரசிலையில் ஓவியம் போட்டு விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே இலையின் சதையே போய்விடுகிறது, நரம்பு வலை மட்டும் மிஞ்சும். மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறவைத்து அழுகவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது. இங்கே சதைப் பகுதியின் செல் சுவர்கள் அப்படியே நிற்கின்றன, உள்ளே இருந்தது மட்டும் போகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒளிப்பலகைமேல் வைத்தால் வித்தியாசம் விளக்கமே இல்லாமல் புரியும்.

கயிற்றில் கொலாஜன் என்றீர்களே?

கொலாஜனின் முப்பிரிச் சுருள் அமைப்பைச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், 1954-ல், நேச்சர் இதழில். ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் சிற்பி ஜூலியன் வோஸ் ஆண்ட்ரியே கொலாஜனை எஃகுச் சிற்பமாக நிறுத்தினார். நம்மிடம் தென்னை நார்க் கயிறு இருக்கிறது, பொருத்தம் அதில்தான் அதிகம்.

கொலாஜனில் ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் சுருளும். மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் சுருளும். கயிறு திரிப்பவர் செய்வதும் அதுதான்: பிரியை ஒரு பக்கம் முறுக்கி, மூன்று பிரியையும் எதிர்ப்பக்கம் முறுக்குவார். எதிர் முறுக்குகள் ஒன்றையொன்று அவிழவிடாமல் பிடித்துக்கொள்ளும். செய்து முடித்த கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். பிரிகள் இடக்கீழிருந்து வலமேல் ஏறினால் சரி. மாறி ஏறினால் அது கொலாஜன் இல்லை, எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப முறுக்குங்கள். இரண்டு பிரியில் முறுக்கிவிட்டுக் கொலாஜன் என்று பெயர் வைப்பதும் நடக்கிறது. அது டி.என்.ஏ. படத்தைப் பார்த்துச் செய்தது.

அளவும் பிசகக் கூடாது. மூலக்கூறின் தடிமன் 1.5 நானோமீட்டர், நீளம் 300. ஒரு நானோமீட்டருக்கு ஒரு செ.மீ. என்று வைத்தால் ஒன்றரை செ.மீ. தடிக் கயிறு, 3 மீட்டர் நீளம். நாரில் இவை பக்கத்தில் பக்கத்தில் சமமாக நிற்பதில்லை, ஒவ்வொன்றும் 67 நானோமீட்டர் தள்ளி நிற்கும். எனவே அடுத்த கயிற்றை 67 செ.மீ. தள்ளிக் கட்டுங்கள். ஒரே வரிசையில் ஒரு கயிறு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சுமார் 36 செ.மீ. இடைவெளி விடுங்கள். இப்படி ஐந்து வரிசை கட்டி ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்த்தால், இடைவெளிகள் சேர்ந்து குறுக்கே வரி வரியாகத் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் கொலாஜன் நார்மேல் தெரியும் வரிகள் அவையே. கட்டியவருக்குத் தெரியாமலே அந்த வரிகள் வந்து நிற்பது இந்த வேலையின் அழகு. வரிசைக்கு இரண்டாக மொத்தம் 10 கயிறு, ஒரு நாள் வேலை.

வீட்டில் வளர்த்த ஆடையைக் காயத்தில் வைக்கலாமா? இலையில் செய்ததுபோல ஆட்டுத் தொண்டைக்குழாயிலும் செல் நீக்கலாமா?

காயத்தில் வைக்கவே கூடாது. மருத்துவச் செல்லுலோஸ் கட்டு என்பது கிருமி நீக்கிச் சோதித்த பொருள். உங்கள் ட்ரேயில் என்னவெல்லாம் வளர்ந்தது என்று மஞ்சள் தாள் சொல்லாது. இறைச்சிக் கடைப் பொருளிலும் சோடியம் லாரில் சல்ஃபேட் முறை ஓரளவு வேலை செய்யும். ஆனால் கொழுப்பு போகாது, நாற்றமும் போகாது, வகுப்பறையில் பாதிப் பேர் அதோடு வெளியே போய்விடுவார்கள். இலையில் கைபடிந்த பிறகு யோசிக்கலாம். மனித ரத்தம், மனிதத் திசு எதுவும் வேண்டாம்.

காட்சிக்கு எத்தனை நாள் தாங்கும்?

ஆல்ஜினேட்டை லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு உள்ள தண்ணீரில், மூடிய கண்ணாடிக்குள். காற்றில் வைத்தால் இரண்டு நாளில் வற்றி நூலாகிவிடும். ஈரச் செல்லுலோஸை நீர்த்த வினிகரில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். காய்ந்த ஆடைக்கு மழைக்காலத்தில் கண்ணாடிச் சட்டமும் சிலிக்கா ஜெல் பையும் கட்டாயம். ஜெலட்டின் இருந்தால் எறும்பும் கரப்பானும் திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவே வந்துவிடும், பீடத்தின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

விளக்கச் சீட்டில் என்ன எழுதுவது?

பொருளின் பெயரை. "தேங்காய்த் தண்ணீரில் வளர்ந்த பாக்டீரியா செல்லுலோஸ், காஸ்டிக் சோடா, செம்பருத்தி" என்றால் போதும். உயிருள்ள திசு, செயற்கை இதயம் என்றெல்லாம் எழுதினால் யாராவது ஒருவர் தன் வீட்டு நோயாளிக்கு இது உதவுமா என்று உண்மையாகவே கேட்பார். 1990-களில் எலி முதுகில் காது படம் வந்தபோது பலர் அதை மனிதக் காது என்று நம்பினார்கள். இருந்தது காது வடிவச் சாரத்தில் வளர்ந்த மாட்டுக் குருத்தெலும்பு.

மிச்சத்தை எங்கே கொட்டுவது?

வளர்த்து முடித்த தேங்காய்த் தண்ணீரில் அரை லிட்டரை அடுத்த உறைக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துத் தென்னைக்கு ஊற்றலாம், அம்மோனியம் சல்ஃபேட் அதற்கு உரமே. காஸ்டிக் தண்ணீரைப் பழைய வினிகர் ஊற்றி மஞ்சள் தாள் சிவக்காத நிலைக்குக் கொண்டுவந்த பிறகு சாக்கடையில் விடுங்கள். பிளீச் தண்ணீரை இதோடு சேர்க்காமல், ஒரு நாள் வெயிலில் வைத்துத் தனியாகக் கொட்டுங்கள். ஆல்ஜினேட் கட்டிகள் குப்பைக்குப் போகட்டும், சிங்க்கில் போட்டால் குழாயை அடைக்கும்.